பெரிய வெள்ளிக்கு ஒரு சட்டை

விழுப்புரம் பக்கத்தில், காணைக்கு மேற்கே கருங்காலிமேட்டில் ராயப்பன் என்று ஒரு கூலிக்காரன் இருந்தான். மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குவான், கரும்பு வெட்டுவான், அடுத்தவன் நிலத்தில் ஏர் ஓட்டுவான். இடுப்பில் கோவணம், தலையில் துண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் ஒரு நாலு முழ வேட்டி. சட்டை என்று ஒன்று அவன் வாங்கினதும் இல்லை, போட்டதும் இல்லை. அவன் ஜாதிக்காரன் ஊர்த் தெருவில் சட்டை போட்டு நடக்க முடியாது என்பது ஒரு பக்கம். வேர்த்துக் கொட்டுகிற உடம்புக்குச் சட்டை எதற்கு என்பது இன்னொரு பக்கம்.

வருஷம் பூராவும் அவனை வேலைக்குத் தவிர எதற்கும் யாரும் கூப்பிட்டதில்லை. ஒரே ஒரு நாள் கூப்பிடுவார்கள். பெரிய வெள்ளிக்கிழமை, ஆண்டவர் சிலுவையில் செத்த நாள். அன்றைக்குப் பொழுது சாயும்போது, கோயில் பீடத்துக்கு முன்னால் நட்ட சிலுவையிலிருந்து ஆண்டவருடைய மரச் சுரூபத்தை இறக்குவார்கள். பன்னீரில் துடைத்து, ஆசந்தி என்கிற பாடையில் கிடத்தி, தெருவைச் சுற்றித் தூக்கிப் போவார்கள். சிலுவையிலிருந்து இறக்குகிற வேலை ராயப்பனுடையது.

சுரூபம் பன்னிரண்டு வயதுப் பிள்ளை உயரம். கைகள் இரண்டும் தோளில் தோல் பட்டையால் கோத்தவை. ஆணியை உருவினால் மடங்கும். ஏணியில் ஏறி, ஆணியை உருவி, சரிகிற கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டு, மார்போடு மார்பாக அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கவேண்டும். இடது அக்குளுக்குக் கீழே ஒரு வெடிப்பு, அரக்கு வைத்து அடைத்தது. விலாவில் நாலாவது எலும்பு மற்றதைவிடக் கொஞ்சம் தூக்கல். இதெல்லாம் ராயப்பனுக்கு மட்டும்தான் தெரியும். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. நெஞ்சில் பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டது.

அந்த வேலையை அவனுக்குக் கொடுத்தது வெள்ளைக்காரப் பெரிய சாமியார். ராயப்பன் பெண்சாதி சவேரியம்மா பேதியில் செத்த வருஷம் அது.

சவேரியம்மா கன்னியர் மடத்தில் வளர்ந்த பெண். உடம்பு ஆண்டவர் குடியிருக்கிற கோயில், அதைத் திறந்து போடக்கூடாது என்று மடத்தில் சொல்லிக் கொடுத்ததை அவள் கடைசிவரைக்கும் விடவில்லை. சேலையைக் கட்டிக்கொண்டுதான் குளிப்பாள். கொல்லையில் களை எடுக்கிற பெண்கள் ரவிக்கை இல்லாமல் நிற்கும்போது இவள் மட்டும் கழுத்துவரை மூடிக்கொண்டு நிற்பாள். அவர்கள், மகாராணி வந்துட்டா, குடை பிடிங்கடி என்பார்கள். இவள் சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வாள். ராத்திரியில் விளக்கை ஊதி அணைத்துவிட்டுத்தான் பாயில் உட்காருவாள். நல்ல பெண்சாதிதான், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பதினாலு வருஷம் கூட வாழ்ந்தவளுடைய முதுகு எப்படி இருக்கும் என்று ராயப்பனுக்குத் தெரியாது. செத்த அன்றைக்காவது பார்த்திருக்கலாம். பெண்கள் அவனை வெளியே அனுப்பிவிட்டுக் கழுவினார்கள். மடத்திலிருந்து வந்த வெள்ளைத் துணியில் முகம் மட்டும் தெரியச் சுற்றிக் கொடுத்தார்கள். பிள்ளை குட்டி இல்லை.

அதற்குப் பிறகு ஏழு வருஷம், வருஷத்தில் ஒரு தடவை அந்த மர உடம்பைத்தான் அவன் தொட்டான்.

நாற்பத்தி ஐந்தாம் வருஷம், பெரிய வெள்ளிக்கு முந்தின தவசு காலத்துக்குக் கொஞ்சம் முந்தி, பெரிய சாமியார் போய்ப் புதுச் சாமியார் வந்தார். தமிழர், இளவயது. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டார். ஆம்பளைகள் சட்டை இல்லாமல் கோயிலுக்குள் வரக்கூடாது. வரமுடியாதவர்கள் வாசற்படிக்குக் கீழே நின்று பூசை பார்க்கலாம். பீடத்துக்கிட்டே வருகிறவன் கண்டிப்பாகச் சட்டையோடு வரவேண்டும்.

கோயில் உபதேசியார் அந்தோணிசாமி ராயப்பனைச் சாமியாருடைய பங்களாவுக்குக் கூட்டிப் போனார். இவன்தான் பெரிய வெள்ளிக்கு ஆண்டவரை இறக்குகிறவன், இவனுக்கு மட்டும் ஒரு நாள் விலக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். சாமியார் முடியாது என்றார்.

ராயப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே, "அவரே இடுப்புத் துணியோடதானுங்களே சாமி தொங்கறாரு" என்றான்.

உபதேசியார் அவன் முழங்கையைக் கிள்ளினார். சாமியார் கோபப்படவில்லை.

"அவரை அவுத்தது பகையாளி, ராயப்பா. அவரா அவுக்கலை. உங்களையும் ஊர்த் தெருவுல அவுக்கச் சொல்றானுங்க. இங்கியாவது மனுசனா மூடிக்கினு நில்லு."

அவர் சொன்னது நியாயம்தான் என்று ராயப்பனுக்குப் பட்டது. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பெரிய வியாழனுக்குள் சட்டை இல்லையென்றால் இறக்குகிற வேலையை அப்பாதுரைக்குக் கொடுத்துவிடுவதாகச் சாமியார் சொன்னார். அப்பாதுரை விழுப்புரம் ரயில்வேயில் கரி அள்ளுகிறவன். அவனிடம் இரண்டு சட்டை இருந்தது.

சண்டைக் காலம். துணிக்கு கன்ட்ரோல். விழுப்புரத்தில் கேட்டால் ரேஷன் சீட்டு கொண்டா என்றார்கள், சீட்டு வாங்கப் போனால் துணி வரட்டும் என்றார்கள். திண்டிவனத்தில் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, ராயப்பன் ஒரு நாள் கூலியை விட்டு ரயிலேறிப் போனான். கடைக்கு முன்னால் பொழுது விடியும் முன்னே வரிசை. அவனுக்கு முன்னால் இருபது பேர் இருக்கும்போதே கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு கேப்பை அடையைத் தின்றுவிட்டு அன்றைக்கே திரும்பினான்.

அவன் வீட்டில் துணி என்று இருந்தது சவேரியம்மாவுடைய ஞாயிற்றுக்கிழமைச் சேலை. அரக்கு நிறம், மஞ்சள் கரை. பானைக்குள் மடித்து வைத்திருந்தான். அவ்வப்போது எடுத்து மோந்து பார்ப்பான். முதல் இரண்டு வருஷம் அவள் வாசனை இருந்தது. பிறகு பானை வாசனைதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். மறுநாள் விழுப்புரத்துக்குக் கிளம்பினான்.

ஸ்டேஷன் ரோட்டில் மிஷின் போட்டிருந்த தையல்காரர் நடராசன் சேலையைப் பிரித்துப் பார்த்தார். "சம்சாரத்துக்கு ரவிக்கையா?"

"எனக்குச் சட்டைங்க."

நடராசன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "கூத்தாடப் போறியா?"

"கோயிலுக்குங்க."

அளவு எடுக்க நாடாவை நெஞ்சைச் சுற்றிக் கொண்டுவந்தபோது ராயப்பன் கட்டையாக நின்றான். இன்னொரு ஆள் கை மேலே பட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. "மூச்சை விடுய்யா. பொணத்துக்கா அளவு எடுக்கறேன்?" என்றார் நடராசன். கரையை எங்கே வைக்கட்டும் என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்றான் ராயப்பன். கரையை உள்பக்கமாக மடித்துத் தைத்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை சட்டையை எடுத்துப்போய்ச் சாமியாரிடம் காட்டினான். அவர் நிறத்தைப் பார்த்தார், நல்லது என்று மட்டும் சொன்னார். எந்தச் சேலை என்று பக்கத்தில் நின்ற உபதேசியாருக்குத் தெரிந்துவிட்டது. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கொல்லை வேலையிலிருந்து நேரே கோயிலுக்கு வந்தான். ஊர்த் தெருவைத் தாண்டும்வரைக்கும் சட்டை அக்குளில் சுருட்டி இருந்தது. கடைத் திண்ணையில் இருந்த ஒருத்தன், அக்குள்ல என்னாடா, கோழியா என்றான். ஆமாங்க என்று சொல்லிவிட்டு நடந்தான். கோயில் கிணற்றில் கை கால் கழுவி, வேட்டி கட்டி, சட்டையைத் தலைவழியாக மாட்டினான். கழுத்து பிடித்தது. பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம், இது சவேரி சேலைடி என்று மெதுவாகச் சொன்னது அவன் காதில் விழுந்தது.

பிரசங்கம் முடிந்தது. ஒப்பாரி தொடங்கியது. ராயப்பன் ஏணியில் ஏறினான். வலது ஆணி, இடது ஆணி. கைகள் இரண்டும் அவன் கழுத்தைச் சுற்றி விழுந்தன. கால் ஆணியைக் கீழே நின்ற ஆள் உருவினான். பாரம் முழுக்க அவன் மேல் சாய்ந்தது.

அவன் காத்திருந்தான். முதலில் ஒரு சில்லிப்பு வரும். பிறகு அந்த நாலாவது எலும்பு அவன் நெஞ்சில் குத்தும். அக்குள் வெடிப்பின் அரக்கு உரசும். ஏழு வருஷமாக அப்படித்தான் வந்தது. இந்த வருஷம் ஒன்றும் வரவில்லை. பாரம் மட்டும் இருந்தது. மல்லாட்டை மூட்டையைத் தூக்கினாலும் அப்படித்தான் இருக்கும். நடுவில் துணி. அவள் இருந்த காலமெல்லாம் நடுவில் இருந்த அதே துணி. இப்போது இங்கேயும் வந்துவிட்டது.

இரண்டாவது படியில் நின்றுவிட்டான். கீழே இருந்து உபதேசியார், "இறங்குடா ராயப்பா, என்னாச்சு?" என்றார். அவன் இறங்கினான். ஒரு தவறும் நடக்கவில்லை. சுரூபத்தில் ஒரு கீறல் விழவில்லை. சாமியார் பிறகு கூப்பிட்டு, நன்றாகச் செய்தாய் என்றார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினான். அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஈஸ்டர் கழிந்து ஒரு மழைநாளில், வேலை இல்லாதபோது, கதிர் அரிவாள் நுனியால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பிரித்த துண்டுகளைத் தரையில் சேர்த்து வைத்துப் பார்த்தான். கை ஒரு துண்டு, முதுகு ஒரு துண்டு, கழுத்து வெட்டின இடம் ஒரு ஓட்டை. சேலையாகவும் இல்லை, சட்டையாகவும் இல்லை. அப்படியே மடித்துப் பானையில் போட்டு மூடினான்.

அடுத்த வருஷம் தவசு காலத்தில் சாமியாரே அவன் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"என்ன ராயப்பா, இந்த வருஷமும் நீதானே?"

"சட்டை இல்லீங்க சாமி."

"போன வருஷம் போட்டது?"

"அது போச்சுங்க."

கோயில் பங்கைச் சேர்ந்த ஒருவரிடம் சொல்லிப் புதுச் சட்டைக்குத் துணி வாங்கித் தருகிறேன் என்றார் சாமியார். வேணாங்க, அப்பாதுரை நல்லா இறக்குவான், தோல் பட்டைகிட்ட மட்டும் பார்த்துப் புடிக்கச் சொல்லுங்க என்றான் ராயப்பன். சாமியார் உள்ளே கொடியில் துணி ஏதாவது தொங்குகிறதா என்று பார்த்தமாதிரி இருந்தது. பிறகு போய்விட்டார்.

அந்தப் பெரிய வெள்ளிக்கு ராயப்பன் வாசற்படிக்குக் கீழே, சட்டை இல்லாதவர்களோடு நின்றான். உள்ளே ஒப்பாரி கேட்டது. கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஏணியின் நுனி தெரிந்தது. அப்பாதுரையின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. ஆண்டவருடைய உடம்பு தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆசந்தி வெளியே வந்தது. தெருவில் தூக்குகிறவர்களுக்குச் சட்டை கேட்பதில்லை. தோளை மாற்ற ஆள் கூப்பிட்டார்கள். ராயப்பன் போய்ப் பின்பக்கம் தோள் கொடுத்தான்.

வெறும் தோள்தான். அதில் அழுந்தியது பாடையின் மூங்கில்.