ஒருவரும் தூக்கக்கூடாது

எங்கள் வீட்டில் யாராவது பயணம் என்று வாய் திறந்தால், அக்கா உடனே, "நீங்கள் போட்டு வாங்கோ, நான் வீட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்பார். ஆறு வருடமாக இதே வசனம். பாரிசவாதம் வந்து இடது காலும் இடது கையும் சோர்ந்து போனதிலிருந்து அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அது அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய வீடு இல்லை. திருகோணமலை நகரத்துக்குள் இரண்டு அறையும் ஒரு குசினியும். கள்ளன் வந்தால் பரிதாபப்பட்டு எதையாவது வைத்துவிட்டுத்தான் போவான்.

இந்த முறை பள்ளிக்கூட விடுமுறைக்கு இரண்டு குடும்பம் சேர்ந்து கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவது என்று முடிவானது. எங்கள் பக்கம் நான், கணவர், இரண்டு பிள்ளைகள். மற்றப் பக்கம் கிண்ணியாவில் படிப்பிக்கிற என் தோழி, அவருடைய கணவர், மூன்று பிள்ளைகள். தோழியும் நானும் பன்னிரண்டு வருடப் பழக்கம். இன்றைக்கும் ஒருவரை ஒருவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறோம். ஒன்பது பேரும் தயார். நான் பத்தாவது ஆளின் முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, இந்த முறை நீங்கள் வாறியள்."

வழக்கமான வசனத்துக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. இரண்டு நாள் கழித்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்: "வாறன். ஆனா ஒண்டு. என்னை ஒருத்தரும் தூக்கப்படாது. கதிரையோடயும் தூக்கப்படாது. தூக்கினா அந்த இடத்திலயே ஓட்டோ பிடிச்சு வந்திடுவன். கடலுக்கை நான்தான் நடந்து போய்க் கால் வைப்பன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒரு கலியாண மண்டபத்தில் படி ஏற முடியாமல் நின்ற அக்காவை நாலு பேர் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய் மேடைக்கு முன்னால் இறக்கினார்கள். எல்லாரும் நல்ல மனிதர்கள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து அக்கா கலியாண வீடுகளுக்கும் போவதில்லை.

நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு ஒரு ஆட்டம் ஆடினேன். எனக்கு வயது நாற்பத்தாறு. பானை மூடி ஒன்று விழுந்தது.

இனி இடம் தேட வேண்டும். நாங்கள் எல்லாரும் கடலோடு பிறந்து வளர்ந்தவர்கள்தான், ஆனால் கடற்கரையில் ஒரு இரவு படுத்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. ஐந்து மணிக்குப் போவோம், கச்சான் கொறிப்போம், கால் நனைப்போம், ஏழு மணிக்கு வீடு வந்துவிடுவோம். படுப்பதெல்லாம் கொழும்பிலிருந்து வருகிறவர்களின் வேலை. ஆகவே வட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு நிபந்தனை வந்து விழுந்தது. பிள்ளைகளுக்கு ஆழமில்லாத கடல். தோழிக்குப் பெண்கள் குளிக்க மறைப்பும், தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூச் செய்ய நல்ல தண்ணீரும். தோழியின் கணவருக்குத் தொலைபேசிக்குச் சிக்னல். என் கணவருக்குப் படுக்க நிழல். நிழல் இருந்தால் கடல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு இறுகிய மணல், கதிரைபோல் உட்காரக்கூடிய கழிவறை.

இறுகிய மணலைக் கண்டுபிடிக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். அக்காவின் பழைய பொல்லு, கீழே நாலு கால் உள்ளது, வீட்டில் சும்மா கிடந்தது. அதை ஊன்றிக்கொண்டு, இடது காலை மடக்காமல் இழுத்து இழுத்து, ஒவ்வொரு கடற்கரையிலும் தண்ணீர் வரைக்கும் நானே நடந்து பார்ப்பேன். கணவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு பத்தடி தள்ளி வருவார், தெரியாத மனுசியின் பின்னால் வருவதுபோல.

முதலில் பார்த்தது நகரத்துக்கு வடக்கே ஒரு இடம். அழகென்றால் அப்படி ஒரு அழகு. ஆறாவது அடியில் பொல்லு மணலுக்குள் முழங்கால் உயரம் போய்விட்டது, பின்னால் நானும் போனேன். அன்னாசி விற்றுக்கொண்டிருந்த பெண் ஓடிவந்து, காசு வேண்டாம் என்று ஒரு துண்டைக் கையில் வைத்தார். பின்னால் ஒரு ஐயா என்னைத் தூக்கக் குனிந்தார். "தூக்காதீங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் அப்படியே பின்வாங்கி மணலில் இருந்துவிட்டார். அன்னாசி நல்ல இனிப்பு. அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து வெட்டினோம்.

இரண்டாவது, துறைமுகத்துக்குள்ளேயே ஒரு சின்னக் குடா. அலையே இல்லை. நான் பொல்லோடு நொண்டி நொண்டி இறங்கி, தண்ணீரைத் தொட்டு, சந்தோசத்தில் எல்லாவற்றையும் மறந்து, பொல்லைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஓடிவந்தேன். மேலே கடற்படைக் காவலரண் இருந்தது. உள்ளே இருந்த பொடியன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். வெளியே வந்து, தமிழில் சொல் சொல்லாகத் தேடிக் கேட்டான்.

"கால் சுகமா?"

"ஓம், சுகம்."

"அப்ப ஏன் நொண்டுறது?"

"அக்காவுக்காக."

அவன் பொல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாலு காலையும் தட்டிப் பார்த்தான். இங்கே பகலில் பார்க்கலாம், இரவு தங்க ஏலாது என்று சொல்லிப் பொல்லைத் திருப்பித் தந்தான். கணவர் காருக்குள் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அன்றைக்கு வீட்டில் நல்ல பேச்சு கிடைத்தது.

மூன்றாவது இடத்தைத் தோழி சொன்னார். கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர் போகிற பக்கம், அவருடைய மாமாவுக்குக் கடலோரமாக ஒரு தென்னந்தோட்டம் இருக்கிறது. கிணறு உண்டு, சுற்றி வேலி உண்டு, கழிவறை உண்டு. வெளியூர்ப் பிள்ளைகள் வந்து கூடாரம் போடுகிற இடம்தான். தோழியின் கணவருக்குக் கடை. வெள்ளிக்கிழமைதான் கடை பூட்டி, சாமான் ஏற்றுகிற வான் வண்டி சும்மா நிற்கும். அதனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லாரும் வானில் போனோம்.

வேலிப் படலையைத் திறந்து கடற்கரைக்கு வந்தவுடன் நான் சிலையாகிவிட்டேன். இரண்டு பக்கமும் அடம்பன் கொடி படர்ந்து கிடந்தது. நடுவில் மட்டும் தண்ணீர் வரைக்கும் வெறும் மணல். ஒரு கல் இல்லை, ஒரு கட்டை இல்லை, ஒரு முள் இல்லை. மிதித்து மிதித்து இறுகிய மணல். யாரோ எங்கள் அக்காவுக்காகவே கூட்டித் துப்புரவாக்கி வைத்த மாதிரி. பொல்லை ஊன்றினேன், அசையவில்லை. படலையிலிருந்து ஈர மணல் வரைக்கும் முப்பத்தெட்டு காலடி. மறுபடியும் ஆடினேன்; இந்த முறை எல்லாருக்கும் முன்னால்.

என் கணவர் சல்லி என்ற கடற்கரை ஊரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ஆரோ நல்லாப் பாவிச்ச இடம்" என்றார். தள்ளி ஒரு வள்ளம் தென்னோலைக் கிடுகு மூடிக் கிடந்தது, ஆனால் கடற்கரையில் ஒரு மனிதரும் இல்லை. பாவித்துக் கைவிட்ட இடம் என்று அவர் நினைத்துக்கொண்டார். கிண்ணியாப் பக்கத்து மீன்பிடித் தொழிலாளிகள் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அது தோழிக்குத் தெரியும். ஆனால் துப்புரவான கடற்கரை என்றால் அங்கே கரையில் நின்று கயிறு பிடித்துக் கரைவலை இழுக்கிறார்கள் என்பது தோழிக்குத் தெரியாது. அவருடைய வாப்பாவும் கடைக்காரர், மீனைச் சட்டிக்குள் மட்டுமே கண்டவர். ஆளுக்குப் பாதி தெரிந்திருந்தது. இரண்டு பாதியும் ஒன்றோடொன்று கதைக்கவில்லை, நான் கதைக்க விடவும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் சாமான் சட்டிகளோடு வந்து இறங்கினோம். கூடாரத்தைத் தோட்டத்துக்குள்ளே போடச் சொல்லி மாமா தகவல் அனுப்பியிருந்தார். மாமாவுக்கு என்ன தெரியும் என்று சொல்லி, மூன்று கூடாரத்தையும் வெளியே, அந்த வெறும் மணலின் நட்டநடுவில் போடவைத்தேன். அக்காவின் கூடாரம் தண்ணீருக்கு மிகக் கிட்ட. வானிலிருந்து அக்கா தானே நடந்து வந்து பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். ஒருவரும் தூக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை.

வெயில் சாய்ந்ததும் அக்கா எழும்பிக் கடலை நோக்கி நடந்தார். காய்ந்த மணல் முடிந்து ஈரச் சரிவு தொடங்கும் இடத்தில் பொல்லின் நாலு காலும் புதைந்தன. பிடுங்கி ஊன்றினார், மறுபடியும் புதைந்தன. இன்னும் ஏழெட்டு அடிதான். நான் காய்ந்த மணலையே பார்த்துவிட்டுத் துள்ளியிருக்கிறேன். கடைசிச் சரிவில் பொல்லை ஊன்றிப் பார்க்கவில்லை. என் கணவர் கை கொடுக்கப் போனார். அக்கா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

"நாளைக்குப் பாப்பம்," என்றார்.

அக்காவின் "நாளைக்கு" எனக்குத் தெரியும். அது அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வசனத்தின் தங்கச்சி. எல்லாரும் பராட்டாவும் கறியும் சாப்பிட்டுச் சிரித்தார்கள். நான் என் பராட்டாவைப் பிள்ளைகளின் தட்டில் வைத்தேன்.

விடிந்தும் விடியாமலும் ஒரு சத்தம்.

"அல்லாஹ்வே! வலை இழுக்கிற பாடு இது, இதுல கூடாரம் போட்டிருக்காங்கடா!"

வெளியே தலையை நீட்டினால் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். கடலில் வலை வளைத்தாயிற்று. வள்ளம் கரைக்கு வந்துவிட்டது. வலையின் ஒரு கயிறு அந்தப் பக்கம், மற்றக் கயிறு நேரே எங்கள் கூடாரங்களுக்கு நடுவால். வெள்ளைத் தாடியும் தொப்பியுமாக முன்னால் நின்றவர்தான் வலையின் சொந்தக்காரர், சம்மாட்டி.

"புள்ள, வலை கடல்ல கிடக்குது, நிப்பாட்ட ஏலாது. கெதியாக் கழட்டுங்க!"

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல என்னால் ஏலாது. பிள்ளைகள் ஆணிகளைப் பிடுங்கினார்கள். கூடாரம் ஒன்று எழும்பித் தோழியின் தலையில் கவிழ்ந்தது, உள்ளிருந்து, "டீச்சர், எந்தப் பக்கம் வாசல்?" என்று சத்தம் வந்தது. மற்றதை நாலு பேர் அடம்பன் கொடிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே தோழியின் கணவர் நித்திரை. பாதி வழியில்தான் எழும்பி, நிலநடுக்கம் என்று கத்தினார். என் கணவரோ, "உமக்கு அண்டைக்கே சொல்லுவம் எண்டு வாயெடுத்தனான், நீர் ஆடிக்கொண்டு நிண்டனீர்" என்று ஆறுதலாக நின்று விளக்கம் தருகிறார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நொந்தது.

திரும்பிப் பார்த்தால், அக்கா கதிரையில் இருக்கிறார். முதலே எழும்பி வெளியே வந்து இருந்திருக்கிறார். கயிறு அவருக்குப் பக்கத்தால் விறைத்துக்கொண்டு போகிறது. இரண்டு பேர் அவரிடம் ஓடுகிறார்கள்.

"பயப்படாதீங்க அக்கா, கதிரையோட தூக்கிர்றம்!"

என் சிரிப்பு நின்றது. "தூக்காதீங்கோ! அவவை ஒருத்தரும் தூக்கப்படாது!" அந்தச் சத்தம் சீனன்குடா வரைக்கும் கேட்டிருக்கும். எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

அக்கா பொல்லை ஊன்றி எழும்பினார். இடுப்பு உயரத்தில் நிற்கிற கயிற்றைப் பார்த்தார். அது கரையிலிருந்து நேரே கடலுக்குள் போனது. பொல்லைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, வலது கையால் கயிற்றைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். பிறகு தாடையால் எனக்குப் பொல்லைக் காட்டினார்.

"இதைப் பிடி."

சம்மாட்டி ஒரு நிமிடம் அக்காவைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். விளங்கிவிட்டது. "கயித்த இறுக்கிப் பிடிங்க! இழுக்காதீங்க. அக்கா கீழ போறாங்க."

"மீன் போயிரும் காக்கா," என்றான் சம்மாட்டியைப் பார்த்து ஒருவன்.

"போற மீன் போகட்டும். பிடிடா!"

அத்தனை பேரும் குதியை மணலில் ஊன்றிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா கயிற்றில் கையை வழுக்கி வழுக்கி, இடது காலை இழுத்து, ஒவ்வொரு அடியாக இறங்கினார். ஈரச் சரிவு வந்தது. ஒரு தரம் சாய்ந்தார். கயிறு அவரைத் தாங்கியது. ஐந்து, ஆறு, ஏழு. முதல் அலை வந்து முழங்கால் வரை நனைத்தது. அக்கா ஒரு கூக்குரல் போட்டார். சின்ன வயதில் கிணற்றடியில் தண்ணீர் ஊற்றும்போது போடுவாரே, அதே கூக்குரல். ஆறு வருடமாக நான் அதைக் கேட்டதில்லை. நான் பொல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன், இரண்டும் ஒன்றாக வந்தது, மூக்கும் வடிந்தது.

"இனி இழுங்கோ!" என்றார் அக்கா.

இழுத்தார்கள். அக்காவும் இழுத்தார், ஒரு கையால். கயிறு பின்னுக்கு வர வர அதோடு சேர்ந்து ஒவ்வொரு அடியாகக் கரைக்கு வந்தார். என் கணவர் இழுத்தார், தோழி முந்தானையை இறுக்கிக்கொண்டு இழுத்தார், பிள்ளைகள் தொங்கினார்கள். வலையின் மடி கரைக்கு வந்தபோது உள்ளே சூடையும் நெத்தலியும் துள்ளின. போகவேண்டியது போயும் நிறையவே மிச்சம் இருந்தது.

கயிற்றில் கை வைத்த எல்லாருக்கும் கறிக்கு மீன் கொடுப்பது அவர்களுடைய வழக்கம். சம்மாட்டி மணலில் சின்னச் சின்னக் குவியலாக வைத்துக்கொண்டு போனார். நான் பையோடு ஓடிப்போய் நீட்டினேன்.

"உங்களுக்கு இல்ல புள்ள. நீங்க கயித்துல கை வைக்கல்லையே."

உண்மைதான். நான் முழு நேரமும் பொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா தன் குவியலைத் தானே ஒரு கையால் சட்டியில் அள்ளிப்போட்டார். ஒருவரையும் தொட விடவில்லை. வெயில் ஏறியதும் மறுபடியும் வலை வளைப்போம் என்று சம்மாட்டி சொன்னது அவர் காதில் விழுந்தது.

"நானும் வாறன்," என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ கூடாரத்தைப் பாத்துக்கொண்டு இரு."