ஜாகோ காத்த குழி

ஜாகோ டிரெகெல்லஸ் கப்பலேறி ஆஸ்திரேலியா வந்தது தங்கம் தோண்ட. தோண்டியதைவிட உட்கார்ந்திருந்ததே அதிகம். வாட்டில் ஓடை என்ற அந்த ஊரில் அதுதான் வழக்கம். பூமிக்கடியில் தங்கத்தின் தடம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. முன்வரிசைக் குழிக்காரர்கள் ஆழத் தோண்டித் தடத்தைக் காட்டும்வரை பின்வரிசைக் குழிக்காரர்கள் காத்திருப்பார்கள். ஆனால் தினமும் முற்பகலில் ஒரு மணி நேரம், பிக்காசும் கையுமாகக் குழிக்குள் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் முதலில் இறங்குகிறவனுக்குக் குழி சொந்தம். உழைக்கிறவனைக் காப்பாற்றப் போட்ட சட்டம், பாதி ஊரைச் சும்மா உட்கார வைத்திருந்தது.

ஜாகோவின் குழிமேட்டில் தினமும் வந்து குந்துகிறவன் ஃபெலிம் என்ற ஐரிஷ்காரன். ஏற்கெனவே பலர் குழியில் அப்படி இறங்கியவன். அதை மறைத்ததும் இல்லை.

"என்னய்யா, இன்னைக்காவது தூங்கிப்போவியா?"

"உன்னைப் பொதைச்சிட்டுத் தூங்குறேன், போடா."

கோடையில் ஓடை சேறானது. அதையே குடித்த கூடாரங்களில் சீதபேதி புகுந்தது. ஒருநாள் அந்த ஒரு மணிக் காவல் நேரத்தில் ஜாகோவின் மனைவி மொர்வென்னா குழிமேட்டுக்கு ஓடிவந்தாள்.

"டாம்சினுக்குக் கண்ணு சொருகுது. அப்பா அப்பான்னு அனத்துறா. ஏறி வாங்க!"

ஒரே மகள். ஜாகோ அண்ணாந்து பார்த்தான். மனைவியின் முகத்துக்குப் பக்கத்திலேயே ஃபெலிமின் முகம்.

"போய்யா. நீ வர்ற வரைக்கும் நான் உள்ள இருக்கேன். எவனும் எறங்க மாட்டான். சத்தியமா."

"உன் சத்தியத்த எவன் குழியில தோண்டி எடுத்த?" என்றான் ஜாகோ. மனைவியிடம் குரலைத் தணித்து, "நீ போடி. இன்னும் கொஞ்ச நேரந்தான். எல்லாம் அவளுக்காகத்தானே?" என்றான்.

அவள் திரும்பி ஓடினாள். காவல் நேரம் முடிந்து ஜாகோ கூடாரத்துக்குப் போனபோது மகளின் கண்ணை மூடியாயிற்று.

மறுநாள் முற்பகலில் அடக்கம். அந்த வெயிலில் தாமதிக்க முடியாது. குழியின் நினைப்பே ஜாகோவுக்கு இல்லை. மண் தள்ளி முடிந்தபின் பழகிய கால்கள்தான் அங்கே போயின. உள்ளே, பிக்காசைத் தோளில் சாய்த்தபடி ஃபெலிம் உட்கார்ந்திருந்தான். சட்டப்படி இனி குழி அவனுடையது.

ஃபெலிம் மேலேறி வந்தான்.

"ரெண்டு பேரு வந்தானுங்க. வெரட்டி விட்டுட்டேன். உன் குழி, நீயே வச்சுக்க."

முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு நடந்தான். ஜாகோ கல்லை எடுத்து அவன் முதுகில் எறிந்தான். நன்றி கெட்ட ஜென்மம் என்றது ஊர்.

பிறகு தடம் வேறு பக்கம் திரும்பியது, ஊரும் காலியானது. குழியில் பொட்டுத் தங்கம் இல்லாததை ஜாகோ சாகும்வரை குறையாகச் சொன்னதில்லை. ஃபெலிமைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை. அந்தத் திருட்டுப் பயல் குழியைத் திருடித் தொலைத்திருந்தால், முந்தின நாள் மகள் அழைத்தும் ஏறிப் போகாதது சரி என்றாவது ஆகியிருக்கும்.