முழங்கால் உயரத்தில் ஒரு கோடு

அந்தக் கோட்டை இன்ஜினியர் சார் போட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். படவேட்டிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பாதையை ஓர் ஓடை குறுக்கே வெட்டும் இடம் அது. புதிதாகக் கட்டிய தரைப்பாலத்தின் ஓரம், படவேட்டுப் பக்கத்துக் கரையில், இடுப்பளவுக்கு ஒரு கருங்கல்லை நட்டிருந்தார்கள். சிவப்புப் பெயிண்டு டப்பாவோடு கல்லின் முன் குந்தியிருந்தவர், வேடிக்கை பார்க்க வந்த பெண்களைத் திரும்பிப் பார்த்து, "உங்கள்ல ரொம்பக் குள்ளம் யாருங்க?" என்று கேட்டார். எல்லாரும் சேர்ந்து ஊர்க்கவுண்டரின் மருமகளை முன்னால் தள்ளிவிட்டார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண். வாயைப் பொத்திச் சிரித்தபடி கல்லை ஒட்டி நின்றாள். புடவைக்கு மேலேயே அவள் முழங்காலைத் தொட்டுக் காட்டும்படி என்னிடம் சொல்லி, அதற்கு நேராகக் கல்லில் கோடு இழுத்தார். "நான் ஆறடி ஆளு. என் முழங்காலுக்குப் போட்டா பாதி ஊரு தண்ணியில போயிடும். இந்தக் கோட்டத் தண்ணி தொட்டுதுன்னா யாரும் எறங்கக் கூடாது. தெரிஞ்சுதா?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள்.

எழுபதுகளின் கடைசி அது. நான் கலசப்பாக்கத்துப் பக்கத்துப் பெண். ஓடைக்கு அப்பால் மலைமேல் இருந்த ஊர்களுக்கு நர்சாக வந்திருந்தேன். வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் எனக்கு ஒரே பெயர்தான். பிரசவம் சிக்கலானால் ஒரு மூங்கிலில் போர்வையைக் கட்டித் தூளியாக்கி, அதில் பெண்ணைப் போட்டு ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்துகொண்டு இறங்குவார்கள். நான் பின்னாலேயே ஓடுவேன். பாதி வழியில் தூளியை இறக்கிப் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி மேலே ஏறிய நாட்களும் உண்டு. அந்த நாட்களைப் பற்றி நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை.

அப்போதுதான் சாலை போடப் பணம் வந்தது. மேலிடத்தில் ஒப்புக்கொண்ட திட்டப்படி ஓடையின் மேல் தூண் எழுப்பி உயரமான பாலம், அதைத் தாண்டி முதல் ஊர்வரை சாலை, அதோடு சரி. ஒன்றியத்து இன்ஜினியரான அவர் மலையை இரண்டு முறை நடந்தே ஏறிப் பார்த்துவிட்டு அந்தத் திட்டத்தைத் தூக்கி ஓரமாக வைத்தார். உயரமான பாலத்துக்குப் பதிலாக, வெள்ளம் வந்தால் மேலே வழிந்து ஓடிவிடும் தரைப்பாலம் போதும். மிச்சமாகும் பணத்தில் சாலையை மேலே இருக்கிற மூன்று ஊர்களுக்கும் இழுத்துவிடலாம் என்றார். இதற்கு மேலதிகாரிகளைச் சம்மதிக்க வைக்கத் திருப்பத்தூருக்கும் மலைக்கும் எத்தனை நடை நடந்தார் என்று அவருக்குத்தான் தெரியும்.

நான் சும்மா இருக்கவில்லை. "பாலம்தான் சார் வேணும். மழைக்காலத்துல பிரசவம் நின்னு போய்டுமா?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பாலம் கட்டினா ரோடு மொத ஊரோட நின்னுடும் சிஸ்டர். அதுக்கு மேல இருக்கறவங்க மழைக்காலத்துல மட்டுமா சாவறாங்க?" என்றார். அவர் சொன்னது சரி என்பதாலேயே கொஞ்ச நாள் அவரை முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

இன்றைக்கு யோசித்தால் ஒன்று மட்டும் சொல்வேன். அவர் எதையும் மறைக்கவில்லை. நடைமுறைக்கு ஒத்ததைச் செய்கிறோம் என்று பேசுகிற பெரியவர்களைப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன். அந்த நடைமுறையில் விட்டுப்போன பாகம் யார் தலையில் விழும் என்பதை அவர்கள் வாய் தவறியும் சொல்வதில்லை. இவர் ஊர்களைப் பலாமரத்தடியில் கூட்டி, வருஷத்தில் சில நாள் இந்தப் பாலம் இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு அந்தந்தக் கரையிலேயே நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் உயிர் போகும் என்று உடைத்துச் சொன்னார். ஊர்க்கவுண்டர் எழுந்து, "ஒடையில தண்ணி வந்தா நின்னுனு கெடக்கறது எங்களுக்கு இன்னா புதுசா? நீங்க ரோட்டப் போடுங்க சாமி" என்றார். சாலை வந்தது.

நான் முதலில் சொன்ன கல் உண்மையில் இரண்டாவது கல். டேப் வைத்து அளந்து முறைப்படி கோடு போட்ட முதல் கல்லை நட்ட சில வாரங்களிலேயே யாரோ பிடுங்கிக்கொண்டு போய் மாடு கட்டிக்கொண்டார்கள். யார் என்று ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். சண்டை போடாமல் இன்னொரு கல்லைக் கொண்டுவந்து, இந்த முறை ஊர்ப் பெண்ணின் முழங்காலையே அளவாக வைத்தார். அளந்தது தங்கள் ஆளை வைத்து என்றால் மறக்க மாட்டார்கள் என்பது அவர் எண்ணம்.

அடுத்த வருஷமே ஊர்க்கவுண்டரின் மருமகளுக்கு இடுப்புவலி வந்தது. குழந்தை குறுக்கே கிடந்தது. ஜீப்பு அவள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றதைப் பார்த்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கீழே ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்துத் திரும்பி வரும்போது ஓடைக்கரையில் ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். படவேட்டுக் கோயிலில் கொடுத்த மஞ்சள் குங்குமத்தை எடுத்து, மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துக் கல்லுக்குப் பூசினாள். கல்லுக்கு நெற்றி எது என்று தேடினாளோ என்னவோ, முதல் குங்குமத்தை அந்தச் சிவப்புக் கோட்டின் மேலேயே வைத்தாள். "இந்த ரோடு இல்லன்னா நானு ஏது, இவ ஏது நர்சம்மா" என்றாள். நானும் குங்குமம் எடுத்து இட்டுக்கொண்டேன்.

அடுத்த முறை வந்த இன்ஜினியர் சார் மஞ்சள் பூசிய கல்லைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "இனிமே இத எவனும் மாடு கட்டப் புடுங்கிட்டுப் போவ மாட்டான் சிஸ்டர். சம்பளம் இல்லாத காவக்காரன் கெடைச்சிட்டான்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கல் நிலைத்து நிற்க வேண்டும் என்பதுதான் அப்போது எல்லாருக்கும் கவலை.

கல் நிலைத்தது. மஞ்சளின் மேல் மஞ்சள், எண்ணெயின் மேல் குங்குமம் என்று ஏறிக்கொண்டே போனது. ஆடி மாதத்தில் பாவாடை கட்டினார்கள். யாரோ நேர்ந்துகொண்டு உச்சியில் இரண்டு வெள்ளிக் கண்களையும் பதித்துவிட்டார்கள். கண் வந்ததும் அது அம்மன் ஆகிவிட்டது. கோடு பாவாடைக்குள் போய்விட்டதை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் கல்லைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும் என்ற பேச்சு மட்டும் மறையவில்லை. அது வாய்க்கு வாய் மாறி, "அம்மன் கண்ணு முழுவாத வரிக்கும் போலாம்" என்று ஆயிற்று. தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறினால், அம்மன் காலைக் கழுவிவிட்டுப் போகிறது, நல்ல சகுனம் என்றார்கள்.

கவுண்டர் மருமகளின் அந்தப் பெண் குழந்தைக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழை. மருந்துப் பெட்டி ஜீப்பில் வருகிறதா என்று பார்க்க நான் ஊர்ப்பக்கத்துக் கரைக்கு வந்திருந்தேன். சாயங்காலம், நல்ல வெளிச்சம். எதிர்க்கரையில் படவேட்டுச் சந்தையிலிருந்து திரும்பியவர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த மருமகள் முன்னால் வந்தாள். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று காலையில் என்னிடம் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சந்தைக்குப் போயிருந்தாள். தண்ணீர் செம்மண் நிறத்தில் கல்லின் பாவாடையை இழுத்துக்கொண்டிருந்தது. கண்கள் மேலே பளபளவென்று தெரிந்தன. அவள் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தேன். வேண்டாம் வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஓடைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு இறங்கினாள். பாதிப் பாலம் தாண்டவில்லை. முதலில் கூடைதான் போனது.

மறுநாள் கீழே மூங்கில் புதரில் அவளைக் கண்டெடுத்தார்கள். இன்ஜினியர் சார் வந்தார். நேரே போய்க் கல்லின் முன் குந்தி, பாவாடையை அவிழ்த்து வைத்தார். ஓடை மணலை அள்ளி மஞ்சளைத் தேய்க்க ஆரம்பித்தார். அம்மன்மேல் கை வைத்ததற்கு அடி விழப்போகிறது என்று நான் பயந்தேன். ஊர்க்கவுண்டர் வந்தார். மருமகளைப் பறிகொடுத்த மனிதர், ஒரு குடத்தில் தண்ணீர் மொண்டு அவர் தேய்த்த இடத்தில் ஊற்றினார். தேய்க்கத் தேய்க்கச் சிவப்புக் கோடு வெளியே வந்தது. கவுண்டர் அதை விரலால் தொட்டு, "கோடு இங்கதானா கீது? மேல கண்ணப் பாத்துனு இருந்துட்டமே" என்றார். இன்ஜினியர் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்குவதைப் பார்த்து நானும் அழுதேன்.

விசாரணை நடந்தது. உயரமான பாலத்தை யாரைக் கேட்டுக் கைவிட்டீர்கள் என்றார்கள். அனுமதி கொடுத்தவர்களே அதைக் கேட்டார்கள். ஊர்க்கவுண்டர் போய், "பாலம் வந்திருந்தா ரோடு வந்திருக்காது சாமி. ஒத்துக்கினது நாங்கதான்" என்று சாட்சி சொன்னார். இன்ஜினியர் சார் தனக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. திருப்பத்தூரில் ஒரு மேஜைக்கு மாற்றினார்கள். மலைக்கு அவர் மறுபடி வரவே இல்லை.

பிறகு ஒரே ஒருமுறை திருப்பத்தூர் பஸ் நிலையத்தில் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தார். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "அந்த ரோட்டால எத்தன தாய் புள்ள பொழச்சிருக்காங்க தெரியுமா சார்?" என்று தொடங்கினேன். கையை உயர்த்தித் தடுத்தார். "கணக்குச் சொல்லாதீங்க சிஸ்டர். அந்தக் கணக்கப் போட்டவனே நான்தான். இன்னிக்கும் அது சரியாத்தான் வருது. அதான் தாங்க முடியல" என்றார். என் பஸ் வந்துவிட்டது. கொஞ்ச வருஷத்தில் அவர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், சரிதான் என்பேன்.

போன மாதம் மலைக்குப் போயிருந்தேன். ஓடைமேல் இப்போது உயரமான பாலம் இருக்கிறது. கீழே பழைய தரைப்பாலத்தின் ஓரத்தில் கல் அப்படியே நிற்கிறது. அந்தக் குழந்தை இன்று நடுத்தர வயதுப் பெண்; பிரஷும் கையுமாகக் கல்லின் முன் குந்தியிருந்தாள். மழைக்கு முன்னால் வருஷா வருஷம் கல்லைக் கழுவிச் சிவப்புப் பெயிண்டால் கோட்டைப் புதுப்பித்துவிட்டு, அதற்குக் கீழே மட்டும் மஞ்சள் பூசுகிறாளாம். தாத்தா சொல்லிவிட்டுப் போன வழக்கம் என்றாள். கோடு யார் அளவு என்று கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் அம்மாவுக்குப் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.

"உங்கம்மா முழங்கால் அது. நான்தான் தொட்டுக் காட்டினேன்" என்றேன்.

அவள் பிரஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கல்லை ஒட்டித் தன் காலை வைத்து நின்றாள். கோடு அவள் முழங்காலுக்கு நன்றாகக் கீழே இருந்தது.

"எங்கம்மா இவ்ளோதான் இருந்தாளா நர்சம்மா?" என்றாள்.