விழுந்ததையும் சொன்ன குரல்

இலங்கை மலையகத்தில், லுணுகலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில், வரும் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் தொலைபேசி இயக்குநர் அவர். பார்வை கிடையாது. சட்டையின் மேல் பொத்தான்வரை பூட்டி, நிமிர்ந்துதான் உட்காருவார்.

பதுளைக் கடைகளில் வாங்கும் ஆங்கிலப் பட டிவிடிகளில் அவர் ஒன்றைத் தேடினார். திரையில் நடப்பதைப் பார்வையற்றவர்களுக்குச் சொல்லும் தனிக் குரல் அது. கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் கள்ளப் பிரதிகளில் அது இருக்காது. நான் பத்திரிகைச் செய்திக்காக அவர் வீட்டுக்குப் போனபோது, ஏழெட்டு வருடத் தேடலில் மூன்றே படங்கள் கிடைத்திருந்தன.

அன்று ஒன்றைப் போட்டார். சின்ன வயதிலிருந்து அவருக்குப் படம் சொல்லிவந்த தங்கையும் பக்கத்தில் இருந்தார். கதையில் பார்வையற்ற கிழவர் ஒருவர் படியில் தடுக்கி விழுந்தார்.

"சும்மா நடந்து போறாருண்ணே," என்றார் தங்கை, பழக்கத்தில்.

"விழுந்துட்டாருன்னு இந்தக் குரல்காரன் சொல்லிட்டானே. இத்தன வருசமா இப்படித்தான் முழுங்குனியா?"

"ஒனக்கு மனசு கஷ்டப்படும்னுதான்."

"இரு, எந்திரிக்கிறாராம். கம்ப எடுத்துட்டாரு. மிச்சப் படியும் ஏறிட்டாரு. விழுந்தத மறைச்சப்ப நீ இதையும்ல சேத்து மறைச்சிருக்க."

அவர் காட்சியைப் பின்னால் ஓட்டி, ஆங்கிலம் தெரியாத தங்கைக்காக, அந்தக் குரல் சொன்னதையெல்லாம் தமிழில் சொன்னார். விழுந்த இடத்தைக்கூட விடவில்லை.

பத்திரிகைக்காக நான் எத்தனையோ படங்கள் பார்த்திருக்கிறேன். ஒரு கிழவர் படியேறியதை இவ்வளவு பெருமையாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.