ஜவாஹிர் கேட்ட வீடு

புத்தளத்து அகதி முகாமில் "வீட்டுக்குப் போவம்" என்று சொல்லாத ஆள் கிடையாது. தொண்ணூறில் முல்லைத்தீவிலிருந்து உடுத்த துணியோடு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனம் வேறென்ன சொல்லும்? ஆகவே ஜவாஹிர் அதை நாளைக்கு இருபது தடவை சொன்னபோதும் அவர் மனைவி நபீஸா நோயென்று நினைக்கவில்லை, ஊர் ஏக்கம் என்றே நினைத்தாள். சமாதானம் வந்து பாதை திறந்ததும், இரண்டாயிரத்து மூன்றில், அவரைச் சொந்த ஊரான தண்ணீரூற்றுக்குக் கூட்டிவந்து, இடிந்த சுவரின் மேல் தகரம் போட்டுக் குடியேறினாள்.

வந்த முதல் நாள் பின்னேரம் பள்ளிவாசலிலிருந்து திரும்பி, கதிரையில் அமர்ந்த ஜவாஹிர் சொன்னார்: "சரி நபீஸா, நேரம் போகுது. வீட்டுக்குப் போவம்."

"இதுதானே வீடு! நீங்க கட்டின வீடு!"

"இதில்லை," என்றார் அவர்.

அப்போதுதான் இது ஊர் ஏக்கமில்லை என்று நபீஸாவுக்குப் பட்டது.

அதன்பிறகு வைத்தியர்களுக்குப் பஞ்சமே இல்லை. மீன் வாங்கப் போனால் மீன்காரரும் வைத்தியர். ஜின் பிடித்திருக்கிறது என்றார் ஒருவர்; ஓதி நூல் கட்டினார்கள். வல்லாரை கொடு என்றார் இன்னொருவர். ஒரு மாதம் மூன்று வேளையும் வல்லாரைச் சம்பல். கொழும்பிலிருந்து வந்த உறவுக்காரி, அலுமினியப் பானையில் சமைத்ததால்தான் மூளை பழுதானது என்று அடித்துச் சொன்னாள். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் முகாமில் சோறு பொங்கிய பானையை நபீஸா கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போட்டாள். ஜவாஹிர் மண்பானைச் சோற்றையும் தின்றுவிட்டு, சாப்பாடு எப்போது என்று கேட்டார்.

அவளுக்குக் கோபம் வரும். "இப்பதானே சாப்பிட்டீங்க! என்ன கறி, சொல்லுங்க பாப்பம்" என்று பரீட்சை வைப்பாள். அவர் திருதிருவென்று முழிப்பார். பிறகு இருவருமே அழுவார்கள்.

புத்தளத்தில் கடை வைத்திருந்த மகன் அர்ஷாக் வந்து பார்த்தான். அவனிடமும் ஒரு விளக்கம் இருந்தது. "உம்மா, வாப்பா கேக்கிறது புத்தளத்து வீட்டைத்தான். அவ்வளவு காலம் இருந்து பழகினவர். வெள்ளிக்கிழமை வான் வண்டி பிடிச்சு ஏத்திக்கொண்டு போறன்."

இந்த வீட்டை இரண்டாந்தரமும் விட்டுப் போக நபீஸாவுக்கு மனமில்லை. ஆனால் அவருக்கு அங்கேதான் சுகம் வருமென்றால் எப்படிப் போகாமலிருப்பது? எது சரியென்று சொல்ல, தெரிந்த ஒருவர் வேண்டுமே என்று தவித்தாள்.

பக்கத்து வளவு விமலேஸ்வரி சுகாதாரத் தொண்டராக வேலை பார்ப்பவள். "நபீஸாக்கா, ஆளாளுக்குச் சொல்லுறதை விடுங்கோ. வவுனியா ஆஸ்பத்திரியில மனநல டொக்டர் ஒருவர் இருக்கிறார். போற வழிதானே, காட்டிட்டுப் போங்கோ."

"விசர் டொக்டரிட்டயோ?" அர்ஷாக் முகத்தைச் சுளித்தான்.

"விசரெண்டு நான் சொல்லேல்லைத் தம்பி. படிச்சவரிட்டக் கேளுங்கோ எண்டுதான் சொன்னனான்."

வவுனியாவில் டொக்டர் சிவகரன் ஜவாஹிரோடு வயல் விதைப்பு பற்றி ஆறுதலாகக் கதைத்தார். மணிக்கூடு ஒன்று வரையச் சொன்னார். இரத்தம் சோதித்தார். வேறு காரணம் எதுவும் இல்லையென்று பார்த்து, மூன்றாம் நாள்தான் தாயையும் மகனையும் கூப்பிட்டார்.

"இது அல்ஸைமர் எண்டு சொல்லுற மறதி நோயாத்தான் தெரியுது. மூளைக்கு வாற வருத்தம். ஜின்னுமில்லை, ஆரும் விட்ட பிழையுமில்லை."

"அப்ப அந்தப் பானை?" என்றாள் நபீஸா.

எந்தப் பானை என்று கேட்டறிந்த டொக்டர் சிரிக்கவில்லை. "பானையால வருமெண்டு ஒருத்தரும் நிரூபிக்கேல்லை அம்மா. உங்கட சோத்தால வந்த வருத்தமில்லை இது."

நபீஸா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தன் கையால்தான் அவரைக் கெடுத்தோம் என்று அத்தனை மாதமும் அவள் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கியது அங்கிருந்த எவருக்கும் தெரியாது.

"சுகம் வருமா டொக்டர்?" அர்ஷாக் கேட்டான்.

"பொய் சொல்ல மாட்டன். சுகமாக்க மருந்தில்லை, வருத்தம் மெல்ல மெல்லக் கூடும். மனசு தடுமாறினா இப்பிடித்தான் வீடு கேப்பினம். புத்தளம் கொண்டுபோனா அங்கயும் கேப்பார். இடம் மாத்தினா இன்னும் தடுமாறுவார். இருக்கிற இடத்திலயே வைச்சிருங்கோ. வாதாடாதேங்கோ, பரீட்சை வைக்காதேங்கோ. கையைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்திட்டு வாங்கோ." பிறகு நபீஸாவைப் பார்த்தார். "உங்களுக்கு ஆர் துணை?"

அந்தக் கேள்வியை அதுவரை எவரும் கேட்டதில்லை. நபீஸா மகனைப் பார்த்தாள்.

வான் புத்தளம் போகவில்லை, வடக்கே திரும்பியது. இரண்டு கிழமைக்கொருமுறை அர்ஷாக் வந்து நிற்பதென்று ஏற்பாடு. மத்தியானங்களில் விமலேஸ்வரி வந்து ஜவாஹிரோடு இருப்பாள். நபீஸா ஒரு மணித்தியாலம் கண்ணயர்வாள். அவர் சட்டைப்பைக்குள் பெயரும் ஊரும் எழுதிய துண்டு ஒன்று எப்போதும் இருந்தது. கோழிகளிடமிருந்து மீண்ட பானை, நன்றாகத் தேய்த்துக் கழுவப்பட்டுக் குசினிக்குள் வந்தது.

ஒருநாள் பின்னேரம் ஜவாஹிர் எழுந்தார். "வீட்டுக்குப் போவம்."

"ஓம், வாங்க போவம்," என்று நபீஸா கையைப் பிடித்தாள்.

முன் படலையால் இறங்கி, பள்ளிவாசலைத் தாண்டி, வயல் வரம்போடு நடந்து, வளவின் பின்பக்கத்தால் வந்து சேர்ந்தார்கள். தகரக் கூரையைக் கண்டதும் ஜவாஹிரின் முகம் தெளிந்தது. "வந்திட்டம்!" என்று கதிரையில் சாய்ந்தார்.

நபீஸாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"பெரிய உதவி பிள்ளை. இருட்டப் போகுது, நீங்க உங்கட வீட்டுக்குப் போங்கோ. உங்கட ஆக்கள் தேடுவாங்க. என்ர மனுசி நபீஸா இப்ப வந்திடுவா."

நான்தான் நபீஸா என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். டொக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது.

"அவ வாறமட்டும் நான் இருக்கிறன்," என்றுவிட்டு, அவருக்குத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள்.