பாலாடை மூக்கில் ஒட்டிய திருநீறு

வெள்ளியைத் தேய்க்க எனக்குத் திருநீறுதான் தெரியும். அன்று காலையும் வீட்டிலிருந்த பழைய வெள்ளிப் பாலாடையைத் திருநீறு போட்டுத் தேய்த்து, காகிதத்தில் சுற்றி, பக்கத்து வீட்டுத் தோழியின் குழந்தை ஞானஸ்நானத்துக்கு எடுத்துப் போனேன். என் அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கியது அது. அம்மா, நான், என் இரண்டு பிள்ளைகள் எல்லோரும் அதில்தான் பால் குடித்தோம். ஒன்பது வருடம் காத்திருந்து தோழி பெற்ற பிள்ளைக்கு அதைவிட நல்லதாகக் கொடுக்க என்னிடம் வேறில்லை.

பரிசு மேசையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். போதகர் குழந்தையின் தலையில் தண்ணீர் விடும்போதுதான் உறைத்தது. பாலாடையின் மூக்குக்குள் நான் துடைக்கவே இல்லை. திருநீறு அங்கே அப்படியே இருக்கும்.

தோழி ஒன்றும் சொல்ல மாட்டாள். பயமெல்லாம் அவள் மாமியாரிடம்தான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். போன மாதம் நான் கொடுத்த பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையை, "சாமிக்குப் படைச்சத நாங்க தொட மாட்டோம்மா" என்று சிரித்த முகமாகவே திருப்பித் தந்தவர். வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்துவிட்டால்? நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இனி அந்த வாசலை எப்படி மிதிப்பேன்? பிள்ளையைத் தூக்கத்தான் விடுவார்களா?

எல்லோரும் பிரியாணிக்கு நகர்ந்ததும் மேசைக்குப் போய் என் பொட்டலத்தை உருவினேன்.

"ஏம்மா, என்னத்தத் தேடுத?" பின்னால் மாமியார்.

எனக்குப் பொய் வராது. "திருநீறு போட்டுத் தேய்ச்சேங்க. மூக்குல ஒட்டிக்கினு இருக்கும். வேணும்னு செய்யலீங்க" என்று உளறிக் கொட்டினேன்.

அவர் பொட்டலத்தைப் பிரித்து, பாலாடையின் மூக்குக்குள் விரலை விட்டுப் பார்த்தார். வெள்ளையாக ஒட்டியது. குழாயடிக்குப் போய்க் கழுவினார். மறுபடி கழுவினார். மூன்றாவது தடவை கழுவியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பி வந்தவர் பிள்ளைக்கென்று வைத்திருந்த பாலைப் பாலாடையில் ஊற்றினார். தோழியிடமிருந்து பிள்ளையை வாங்கி என் மடியில் போட்டார்.

"எதுக்கு அழுத? பச்சப் பிள்ள வாயில வைக்கது, கழுவாம இருக்க முடியுமா? ரெண்டு பிள்ள வளத்த கை. நீயே மொதல்ல கொடு."

அவசரமாகச் சாய்த்ததில் பால் பிள்ளையின் கன்னத்தில் வழிந்தது. அவர் தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, "மெதுவா கொடு, நிக்கேன்லா" என்றார்.