முட்டை அடிக்கும் மிஷினில் ஒரு சூப்

நான் சாமர்த்தியசாலி. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் இத்தனை வருடத்தில் வாங்கியவற்றில் எதை நினைத்து மார்தட்டிக்கொள்வாய் என்று கேட்டால், சங்கிலியையோ பட்டுப்புடவையையோ சொல்ல மாட்டேன். கையால் சுற்றுகிற, முட்டை அடிக்கும் மிஷின் ஒன்றைத்தான் சொல்வேன். கடையில் இருந்ததிலேயே மலிவானது அது.

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், ஒரு கடைவீட்டின் மாடியறையில் குடியிருந்தோம். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் கணக்கு எழுதும் வேலை. ஒரு மழை நாளில் கப்பல் ஏணியில் வழுக்கி விழுந்து தாடையை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டி, ஒரு ரப்பர் குழாயைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்பி பிரிக்கும்வரை அந்தக் குழாய்க்குள் போவதுதான் சாப்பாடு.

பாலும் கஞ்சித் தண்ணீரும் சீக்கிரமே அலுத்துவிட்டன. எதை நீட்டினாலும் கம்பிக்குப் பின்னாலிருந்து, "பசிக்கல" என்று ஒரே பதில். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. எனக்கு உள்ளூர பயம்.

அப்போதுதான் காத்தோங்கிலிருந்து அவருடைய அக்கா பார்க்க வந்தார். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். வசதியான வீடு. கரண்டில் ஓடும் அரைக்கிற மிஷின்கூட வைத்திருந்தார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஞாயித்துக்கெழம கார் கொண்டாறேன். தம்பி என் வீட்ல இருந்து ஒடம்பு தேறட்டும். இந்த ஒரு ரூம்ல நீ என்னதான் செய்வே, பாவம்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. என் புருஷனுக்கு என்னால் ஒரு வாய் சாப்பாடு கொடுக்க முடியாது என்று இன்னொருவர் முடிவு செய்வதா?

மறுநாளே தேக்கா மார்க்கெட்டில் ஆட்டெலும்பு வாங்கி, பருப்பும் கேரட்டும் பூசணியும் சேர்த்து வேகவைத்தேன். மத்தால் கடைந்தால் கேரட் நார் குழாயை அடைத்துக்கொண்டது. துணியில் வடிகட்டினால் சத்தெல்லாம் துணியிலேயே தங்கிவிட்டது. கரண்ட் மிஷினுக்கு வழியே இல்லை. காசு ஒருபக்கம் இருக்கட்டும், ஒரு விளக்குக்கு மேல் எதையும் மாட்டக் கூடாது என்பது வீட்டுக்காரச் செட்டியாரின் சட்டம். கையால் சுற்றுவதுதான் ஒரே வழி.

சுங்கை ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீனருடைய பாத்திரக்கடை இருந்தது. வெந்த கேரட்டையும் பருப்பையும் பூசணியையும் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு, ரப்பர் குழாயையும் பையில் போட்டுக்கொண்டு அங்கே போனேன். சூப் கடைய மிஷின் வேண்டுமென்றால் சூப்பில் விட்டுப் பார்க்காமல் எப்படி வாங்குவது? புடவை வாங்கும்போது மேலே போட்டுப் பார்ப்பதில்லையா?

கடை முதலாளியான தவுக்கே, சிவப்புப் பிடி போட்ட பளபளப்பான மிஷினை எடுத்து நீட்டினார். நான் தூக்குச்சட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தேன். விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார் போல, வேண்டாம் என்று கையை ஆட்டினார். எனக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொல்லி, தாடைக்கு வார்த்தை கிடைக்காமல் பல்லை இறுக்கிக் கடித்துக் காட்டினேன். கடையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, மலாயிலேயே "போலே, போலே" என்று அனுமதி கொடுத்தார்.

பளபளப்பான மிஷின் அவருடைய காலண்டரில் பூசணியைத் தெளித்தது. அதன் கம்பிகள் அகலமாக இருந்ததால் கேரட் துண்டுகள் ஹாயாக நடுவில் நீந்திப் போயின. அடுத்த மிஷினில், குழம்பு கெட்டியானதும் பல்சக்கரம் வழுக்கிச் சும்மா சுற்றியது. கடைசியாக, மூலையில் தூசியோடு கிடந்த ஒன்றைக் கேட்டு வாங்கித் துடைத்தேன். பிடி முரடு, பார்வைக்கும் லட்சணமில்லை. ஆனால் அதன் கம்பிகள் நெருக்கமாக இருந்தன, சட்டியின் அடிவரைக்கும் எட்டின. கேரட் தப்பித்து ஓட இடமே இல்லை. கடைந்ததைக் குழாயில் ஊற்றினேன். எங்கும் நிற்காமல் தூக்குச்சட்டி மூடிக்குள் இறங்கியது.

அப்புறம்தான் பேரம். சூப் கறை பட்டுவிட்டது, இனிமேல் இது பழைய சாமான், அதனால் குறைத்துக்கொடுங்கள் என்றேன். கறையைப் பட வைத்ததே நீதானே என்று தவுக்கே தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் குறைத்தார்.

அந்தக் கர்வத்தில் வீட்டில் ஒரு தப்புச் செய்தேன். காப்பியோ டீயோ, நுரை பொங்கினால்தானே நமக்கு ஒரு திருப்தி? அதே பழக்கத்தில் சரசரவென்று சுற்றி, இரண்டு டம்ளரில் ஆற்றி, நுரை தளும்பத் தளும்பச் சூப்பைக் கொடுத்தேன். அவர் குடித்ததில் பாதி காற்று. வயிறு உப்பி, ஏப்பம் வெளியே வரவும் முடியாமல் திணறிப்போனார். நான் அழுதேவிட்டேன். பிறகு பழகிக்கொண்டேன். கம்பிகளை அடியிலேயே அமுக்கி வைத்து, அவசரப்படாமல் சுற்றி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி காரோடு வந்துவிட்டார். ஃபிளாஸ்கில் தன் வீட்டு மிஷினில் அரைத்த சூப். பால் விட்டு, பட்டுப்போல வழவழப்பாக இருந்தது. என்னுடையது அவ்வளவு வழவழப்பு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். இவர் அக்காவுக்காக இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "பசிக்கல" என்று தள்ளி வைத்தார். அண்ணி பெருமூச்சு விட்டு, அவருடைய துணிகளைப் பையில் அடுக்கத் தொடங்கினார்.

நான் வாயே திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். கீழே பொதுச் சமையற்கட்டுக்கு இறங்கிப் போய் மிஷினைச் சுற்றினேன். மிளகும் சீரகமும் எலும்புச் சாறும் கலந்த வாசனை எனக்கு முன்னால் மாடி ஏறியது. டம்ளரைக் கொடுத்தேன். குழாய் அடிமட்டத்தில் கர்கர் என்று சத்தம் போடும்வரை குடித்தார். குடித்துவிட்டு, காலி டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

அண்ணி கையில் பையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் வரலக்கா," என்றார் இவர், கம்பிக்குப் பின்னாலிருந்து. "எனக்கு இங்கதான் பசிக்குது."

 அண்ணி பையைக் கட்டிலின்மேல் வைத்துவிட்டு, தனக்கும் அரை டம்ளர் ஊற்றித் தரச் சொன்னார்.